ரை பியரில் கராம்பு

சனிக்கிழமை, பிற்பகல்.

எஃகுப் பீப்பாயின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்ட ஆஸ்ட்ரிட், நூலால் கட்டிய ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். அதிலிருந்து பியர் சொட்டியது. முடிச்சை அவிழ்த்து மேசைத் தட்டில் கொட்டினார். ஒரு கைப்பிடி கராம்பு.

மண்டபத்தின் கடைசி வரிசைவரை மணம் போனது. அந்த வரிசையிலிருந்து யாரோ, "கறி" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கறியை ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்கித் தின்கிறவர்களுக்கு இது பெரிய பகிடி.

பீப்பாயின் சொந்தக்காரர் குலேந்திரன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார். ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் குடியிருப்பவர். பதினேழு வருடங்களாகப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைப்பவர். பேருந்தில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கும் சாதி மனிதர். இப்போதும் அதையே செய்தார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் நோர்வேஜிய மொழியில்.

அந்த ஒரு சொல்லோடு காரியம் கெட்டது. மன்னிப்புக் கேட்டவன் குற்றவாளிதானே. வீட்டில் பியர் காய்ச்சுவோரின் போட்டி அது, இறுதிச் சுற்று. ரை என்னும் தானியத்தில் காய்ச்சும் பியர்ப் பிரிவில் வாசனைச் சரக்கு எதுவும் சேர்க்கக்கூடாது என்பது முதல் விதி. வென்றவரின் பியரை ஆக்கர்ஸ்எல்வா ஆற்றங்கரையில் உள்ள தன் சிறு மதுவடிப்பகத்தில் காய்ச்சுவதாகவும், வென்றவரையே உதவியாளராக வேலைக்கு எடுப்பதாகவும் ஆஸ்ட்ரிட் அறிவித்திருந்தார். தலைமை நடுவரும் அவர்தான். ஆறு மணிக்கு முடிவு. குலேந்திரனின் பெயரைக் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு அடித்தார்கள். நாற்பத்தாறு வயதில் துடைப்பத்தைக் கீழே வைக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பும் அந்தக் கோட்டுக்குள் போனது.

மூலையில் நின்ற அவர் மனைவி செல்வமலர் கைத்தொலைபேசியை எடுத்தாள். மேல்மாடி மக்டலீன் அக்காவைக் கூப்பிட்டாள்.

மக்டலீன் மன்னாரில் பிறந்தவர். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் இழப்பீட்டு விசாரணை அவருடைய வேலை. எரிந்த குசினி, வெடித்த குழாய், காணாமற்போன நகை என்று போய், உண்மையையும் புளுகையும் பிரித்து எடுத்துவிட்டு வருவார். 2008ஆம் ஆண்டின் தவக்காலம் அது. மற்றவர்கள் இறைச்சியை விட்டபோது மக்டலீன் குடியையும் கோபத்தையும் விட்டிருந்தார். குடியை விட்டது சுலபமாக இருந்தது.

பனிச்சேறு ஒட்டிய சப்பாத்தோடு மண்டபத்துக்குள் வந்தவர், செல்வமலர் சொன்னதை நின்றபடியே கேட்டார். "கறி" என்ற இடம் வந்தபோது அவருடைய தவக்காலம் முடிந்துவிட்டது.

"ஆர் சொன்னது?" என்றார்.

"ஆரோ. அதை விடுங்கோ அக்கா. இந்த மனிசன் சொறி எண்டு சொல்லிப்போட்டு நிக்குது. எனக்கு அதுதான் விசர்."

மக்டலீன் நேரே ஆஸ்ட்ரிட்டிடம் போனார். தன் தொழிலைச் சொன்னார். ஆறு மணிவரை கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார். ஆஸ்ட்ரிட் கடுகடுத்த முகக்காரி, ஆனால் நியாயம் தெரிந்தவர். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பொட்டலத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"குழாயில் இருந்து ஒரு கிளாஸ் பிடித்தேன். கராம்பு மூக்கில் அடித்தது. அதனால் மூடியைத் திறந்தேன்."

"முதல் சுற்றில் இதே பியரைக் குடித்தீர்களா?"

"போத்தலில் கொடுத்திருந்தார். ஒரே காய்ச்சல்தான். பாதியைப் போத்தலிலும் பாதியைப் பீப்பாயிலும் அடைத்தது."

"அதில் கராம்பு மணம்?"

"துளியும் இல்லை. ரொட்டி வாசமும் நாக்கின் நுனியில் மிளகுபோல ஒரு சிறு காரமும். ரை என்றால் ரை. அதற்காகத்தான் அதை முதலிடத்தில் வைத்தோம்."

"இதைப் போட்டியாளர்களுக்குச் சொன்னீர்களா?"

"இல்லை. யார் இறுதிக்கு வந்தார்கள் என்று மட்டும்தான் சொல்வோம். சுவை பற்றி நடுவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது."

"அப்படியானால் முதலிடத்துக்கு வந்த பியருக்குள் ஒரு மனிதர் எதற்காகக் கராம்பைக் கொட்ட வேண்டும்?"

ஆஸ்ட்ரிட் தோளைக் குலுக்கினார். உங்கள் சமையலில் மசாலா அதிகம்தானே, இறுதிச் சுற்றுக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் என்றார். மக்டலீன் பத்துவரை எண்ணிப் பார்த்தார். ஆறோடு நிறுத்திக்கொண்டார்.

"என் சமையலில் உப்பும் உண்டு. பியரில் போடமாட்டேன்."

பிறகு பீப்பாயின் பயணத்தை விசாரித்தார். வெள்ளி மாலைவரை அது ஹவுகன்ஸ்டுவாவில், குலேந்திரனின் நிலக்கீழ் அறையில் இருந்தது. பிறகு அவருடைய அடுத்த வீட்டுக்காரர் தெர்யேயின் காரில் இங்கே வந்தது. தூக்கி இறக்க நண்பர் வரதராசா கூட வந்தார். குளிர் அறையில் வைத்துப் பூட்டியாயிற்று. சாவி, போட்டியை நடத்தும் சங்கத்தின் மூத்த உறுப்பினர் கையில். அதுவும் தெர்யேதான். சோடாக் கொம்பனிகள் பாவித்துக் கழித்த பீப்பாய். காற்றை வெளியே விட்டு நெம்புகோலைத் தூக்கினால் மூடி வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

தெர்யே கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். குலேந்திரனின் வயதுதான் இருக்கும். கம்பளிச் சட்டை, சிவந்த முகம், எல்லோருக்கும் உதவும் கை. குலேந்திரனுக்குப் பழைய காய்ச்சும் பானையைக் கொடுத்தவர் அவர். இந்தப் போட்டியில் அவரும் ஒரு ரை பியர் கொடுத்திருந்தார். முதல் சுற்றோடு போய்விட்டது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நண்பருக்காகப் பேச வந்திருந்தார்.

குலேந்திரனைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் நல்ல மனிதர், விதி சரியாக விளங்கியிருக்காது என்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அதில் தவறு என்னுடையதும்தான். தென் ஜெர்மனியின் கோதுமை பியர் ஈஸ்ட்டை ஒரு போத்தல் நிறைய நான்தான் கொடுத்தேன். அந்த ஈஸ்ட் தானாகவே வாழைப்பழ வாசமும் கராம்பு வாசமும் தரும். அது போதாது என்று இவரும் கராம்பைப் போட்டிருக்கிறார். பாவம், ஈஸ்ட்டின் வாசம்தான் என்று நினைத்து முதல் சுற்றில் யாரும் சந்தேகப்பட்டிருக்கவும் முடியாது."

ஆஸ்ட்ரிட் புருவத்தைச் சுருக்கினார். மக்டலீன் அதைப் பார்த்தார். குலேந்திரனின் பியரை ருசித்தீர்களா என்று தெர்யேயைக் கேட்டார். இதுவரை ருசிக்கவில்லை என்றார் தெர்யே. கேட்ட போதெல்லாம், இன்னும் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை என்று குலேந்திரன் தள்ளிப்போட்டாராம்.

அடுத்து குலேந்திரன் வந்தார். ஆஸ்ட்ரிட்டுக்கும் விளங்கட்டும் என்று மக்டலீன் நோர்வேஜிய மொழியிலேயே கேட்டார். தெர்யே போகாமல் சுவரோரம் நின்றார்.

"என்னென்ன போட்டீர்கள்?"

"பாதி ரை. மீதி பார்லி."

குலேந்திரன் நேரே பார்த்துச் சொன்னார். பியரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய முதுகு நிமிரும். ரைக்கு உமி இல்லை, வெந்நீரில் போட்டால் கூழாகத் தடித்து வடியவே மறுக்கும் என்றார். முதல் தடவை ஒரு பகல் முழுக்க ஒரு சொட்டும் இறங்கவில்லை. பிறகு குதிரைத் தீனி விற்கிற இடத்தில் ஓட்ஸ் உமி வாங்கிக் கலந்த பின்தான் வடிந்தது. கசப்புக்குக் கொஞ்சம் ஹொப்ஸ் பூ. ரையின் சுவையை மூடிவிடாத அளவுக்கு.

"ஈஸ்ட்?"

குலேந்திரனின் பார்வை மக்டலீனை விட்டு, சுவரோரம் நின்ற சப்பாத்துகளுக்குப் போனது.

"தெர்யே தந்தது" என்றார்.

மக்டலீன் அதற்குமேல் அவரை ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருட அனுபவத்தில், எரிந்த சோபாவின் விலையைச் சொல்லும்போது கண்கள் தரைக்குப் போகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஆனால் அவர்கள் காசுக்காகப் பொய் சொன்னவர்கள். இந்த மனிதர் எதற்காகச் சொல்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. அந்த எரிச்சலோடு தாழ்வாரத்துக்கு வந்தார்.

அங்கே வரதராசா கதிரையில் கால் நீட்டி இருந்தார். மகள் பூப்படைந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்குப் பியர் காய்ச்சித் தரச் சொல்லிக் கேட்டு, போட்டி முடியட்டும் என்று குலேந்திரன் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரு மனக்கசப்பு. அது ஹவுகன்ஸ்டுவா முழுக்கத் தெரியும். அதை வைத்தே மக்டலீன் தொடங்கினார்.

"நேற்றுப் பீப்பாயைத் தூக்கினது நீங்கள்தானே, அண்ணை?"

"தூக்கினனான். அதுக்கு?"

"கோவத்திலை ஏதும் போட்டனீங்களோ?"

வரதராசாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "கெடுக்கிறதெண்டால் உப்பை அள்ளிப் போட்டிருப்பன். கராம்பு விக்கிற விலைக்கு எனக்கென்ன விசரே? அதோடை அந்தப் பியரைக் கெடுக்க என்ன கிடக்கு? போன கிழமையும் ரெண்டு கிளாஸ் குடிச்சனான். ஒரு வாசமும் இல்லை. சும்மா ரொட்டித் தண்ணி."

"ஒரு வாசமும் இல்லையோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்."

பேச்சோடு பேச்சாக அவர் செல்வமலரையும் மாட்டிவிட்டார். புருசன் தோற்க வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துவேன் என்று அவள் ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சொன்னதாகச் சொன்னார். செல்வமலர் மறுக்கவில்லை. நிரந்தர வேலை, ஓய்வூதியம், இரண்டு பிள்ளைகளின் படிப்பு, இதையெல்லாம் விட்டுவிட்டுப் பியர் காய்ச்சப் போகிற மனிதனை எந்த மனைவி வாழ்த்துவாள் என்று திருப்பிக் கேட்டாள்.

"தோத்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பன், அக்கா. கள்ளனெண்டு பேர் எடுக்கச் சொல்லி நான் கும்பிடேல்லை."

அவளுடைய கண் கலங்கியது. மக்டலீன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அழுகிறவர்களைத் தேற்றத் தெரியாதவர் அவர். பேச்சை மாற்றுவதற்காக, கடைசியாக அவள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டை நினைத்துப் பார்த்தார். இரண்டு ஞாயிறுகளுக்கு முன் அப்பம் சுட்டுக் கொடுத்திருந்தாள். ஓரம் முறுகல், நடுவில் மெத்தென்று. ஆனால் வாழைப்பழ வாசம். மாவுக்குள் பழத்தைப் பிசைந்தாயா என்று மக்டலீன் அன்று பகிடி பண்ணியிருந்தார். கூடவே இன்னொரு வாசமும் இருந்தது. புரியாணிச் சட்டியைத் திறந்ததுபோல.

மக்டலீன் எழுந்து நின்றார். செல்வமலரிடம் ஒரே ஒரு கேள்வியை மெதுவாகக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

"ஓம். அதிலை என்ன?" என்றாள்.

ஆறு மணி ஆகவில்லை. ஆஸ்ட்ரிட்டின் அறைக்குள் ஆறு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். முதல் சுற்றில் திறக்காமல் மிஞ்சிய குலேந்திரனின் போத்தல் ஒன்று மேசையில் இருந்தது. மக்டலீன் கேட்டு வாங்கி வைத்தது.

"இந்தப் பியரைக் கெடுக்க நினைத்தவருக்கு உப்பு போதும், சவர்க்காரம் போதும்" என்று தொடங்கினார். "அப்படியிருக்கக் கராம்பை ஏன் தெரிந்தெடுக்க வேண்டும்? பியரைக் கெடுப்பது அவருடைய நோக்கம் இல்லை. குலேந்திரனைக் களவுக்காரர் ஆக்குவதுதான் நோக்கம். நடுவர்கள் போத்தலிலேயே கராம்பை மணந்திருப்பார்கள், பொட்டலத்தைக் கண்டதும் முதலிலிருந்தே ஏமாற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டார். கணக்கு பிழைத்தது. போத்தலில் கராம்பு வாசமே இல்லை."

தெர்யே ஆஸ்ட்ரிட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லையா?" என்றார்.

"இல்லை" என்றார் ஆஸ்ட்ரிட்.

"ஆகவே இதைச் செய்தவர் இந்தப் பியரைக் குடிக்காதவர். ஆனால் அதில் கராம்பு மணக்கும் என்று நம்பியவர். குலேந்திரனுக்குத் தன் பியர் எப்படி மணக்கும் என்று தெரியும். வரதராசா குடித்துவிட்டு ரொட்டித் தண்ணி என்றார். செல்வமலருக்கு அதில் போன ஈஸ்ட் எது, போகாத ஈஸ்ட் எது என்று தெரியும். மிஞ்சுவது ஒருவர்."

"என் ஈஸ்ட்டைப் போட்டதாக அவரே சொன்னார்" என்றார் தெர்யே. "உங்கள் முன்னால்தானே சொன்னார்."

"உங்கள் முன்னால் என்று சொல்லுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தில்தான் அப்படிச் சொல்வார். செல்வமலர், அந்தப் போத்தல் ஈஸ்ட் எங்கே போனது?"

"அப்பமாவுக்குள்" என்றாள் செல்வமலர். நோர்வேஜிய மொழியில் அதற்கு மேல் விளக்கத் தெரியாமல் தமிழுக்கு மாறினாள். "ஊரிலை அப்பத்துக்குக் கள்ளு விடுறது. இஞ்சை கள்ளு எங்கை? இவர் அந்த ஈஸ்ட்டைப் பாவிக்கேல்லை, ஃப்ரிட்ஜிலை இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. தந்த பொருளைக் குப்பையிலை கொட்ட மனம் வரேல்லை. மாவுக்கை ஊத்திப்போட்டன்."

மக்டலீன் அதை மொழிபெயர்த்தார். பிறகு குலேந்திரனைப் பார்த்தார். இப்போது அவர் மறைக்கவில்லை. கராம்பும் வாழைப்பழமும் வந்தால் ரையின் சொந்த வாசம் அமுங்கிப்போகும் என்று அவருக்குப் பட்டது. வாசம் சேர்க்காத சாதாரண ஈஸ்ட் ஒரு பைக்கற்றை வாங்கி, நிலக்கீழ் அறைக் குளிரில் மெல்லப் புளிக்கவிட்டார். தெர்யே கேட்டபோது, உங்களுடையதைத்தான் போட்டேன், மிக நன்றி என்று சொல்லிவிட்டார். ருசி பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்று ஒரு சொட்டும் கொடுக்கவில்லை.

மக்டலீன் போத்தலைத் திறந்து தெர்யேயிடம் நீட்டினார். தெர்யே மணந்து பார்த்தார். வாசம் நன்றாகத் தெரிந்த மூக்கு அது. இரண்டாம் தடவை மணக்க வேண்டியிருக்கவில்லை. போத்தலை மேசையில் வைத்தார்.

"நேற்றுக் குளிர் அறையைப் பூட்டியதும் நீங்கள்தான்" என்றார் மக்டலீன். "உள்ளே போக யாருடைய உதவியும் உங்களுக்குத் தேவைப்படவில்லை. கராம்பைத் தெரிவு செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கறுத்த ஆளின் பீப்பாயில் கராம்பு இருந்தால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதில் மட்டும் உங்கள் கணக்குப் பிழைக்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை."

ஆஸ்ட்ரிட்டின் முகம் சிவந்தது.

தெர்யே மறுக்கவில்லை. அவருக்குக் கோபம்தான் வந்தது. பானை என்னுடையது, தானியத்தை உடைக்கிற யந்திரம் என்னுடையது, முதல் பியரைக் காய்ச்சும்போது பக்கத்தில் நின்றவன் நான் என்றார். என் பியரை முதல் சுற்றிலேயே கழித்தார்கள், என்னிடம் தொழில் பழகியவரை இறுதிக்கு எடுத்தார்கள் என்றார்.  பிறகு குலேந்திரனிடம் திரும்பினார்.

"நீங்கள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள். என் ஈஸ்ட்டில் அப்பம் சுட்டிருக்கிறீர்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

குலேந்திரனின் வாய் திறந்தது. அதிலிருந்து எந்தச் சொல் வரப்போகிறது என்று அந்த அறையில் இருந்த மற்ற மூன்று தமிழர்களுக்கும் தெரியும்.

"குலேந்திரன்" என்றார் மக்டலீன் தமிழில், அமைதியாக. "இப்ப மன்னிப்பெண்டு ஒரு சொல் உம்மடை வாயாலை வந்தால், இந்தப் பீப்பாயை உம்மடை தலையிலை கவிழ்ப்பன். ஒருத்தரின்ரை மனமும் நோகக்கூடாதெண்டு நீர் சொன்ன பொய்தான் உம்மைக் காப்பாத்தியிருக்கு. அது அருந்தப்பு, ஏதோ தப்பிப் பிழைச்சீர். இனிமேல் வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லும்."

குலேந்திரன் வாயை மூடிக்கொண்டார். தெர்யே சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் போன பின்னும் குலேந்திரன் கதவையே பார்த்தபடி நின்றார். நான்கு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட இருந்த மனிதர் அவர். 

ஆறு மணிக்கு ஆஸ்ட்ரிட் மேடையில் ஏறி, நடந்ததை மறைக்காமல் சொன்னார். தானும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்று சொன்னார். போத்தலின் புள்ளிகளை வைத்துக் குலேந்திரனுக்கே முதலிடம் என்றார். கைதட்டினார்கள். கடைசி வரிசையும் தட்டியது. மக்டலீன் அந்த வரிசையைத் திரும்பி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு ஆஸ்ட்ரிட் குலேந்திரனின் கையைக் குலுக்கினார். உற்சாகமாகப் பேசினார். இன்றைய கதை ஊர் முழுக்கப் பரவப்போகிறது, அதை ஏன் பயன்படுத்திக்கொள்ளக்கூடாது என்றார். உண்மையாகவே கொஞ்சம் கராம்பு சேர்த்து, லேபிளில் ஒரு யானையையும் போட்டு, இலங்கை ரை என்று விட்டால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

 இந்த மனிதன் இப்போது நன்றி சொல்லித் தலையாட்டுவான் என்று செல்வமலருக்குத் தெரியும். 

"இல்லை" என்றார் குலேந்திரன்.

ஆஸ்ட்ரிட் சிரிப்பை நிறுத்தினார்.

"கராம்பு போடமாட்டேன். யானையும் வேண்டாம். இது ரை பியர். என் பெயரைப் போடலாம்."

 கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.  ஆஸ்ட்ரிட், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள், பெயரை எப்படி எழுதுவது என்று அப்போது சொல்லுங்கள் என்றார்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. வரதராசா வெறும் பீப்பாயைத் தோளில் வைத்து முன்னால் நடந்தார். குலேந்திரன் மூடியைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பின்னால் போனார்.

"கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் இந்த மனிசன் ஒருத்தருக்கும் மாட்டனெண்டு சொல்லி நான் கேட்டதில்லை, அக்கா" என்றாள் செல்வமலர். "இனி வீட்டிலையும் சொல்லுவார்போலை."

"சொல்லட்டும்" என்றார் மக்டலீன்.